வட்டியில்லாக் கொடுக்கல் வாங்கல்: நெல்லைச் சீமைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மேலப்பாளையத்திலோ கடையநல்லூரிலோ ஏர்வாடியிலோ வட்டி ஹராம் என்று தெரியாத முஸ்லிம் யாரும் இல்லை. ஆனால் அதே வீட்டில் குடியிருப்பு ஒத்தியில் இருக்கும், நகை அடகில் இருக்கும், ஏலச் சீட்டில் ஒரு பங்கு ஓடும், பீடி சுற்றும் பெண் மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்டிக்கொண்டிருப்பார். இவற்றில் எது வட்டி, எது இல்லை, வட்டி என்றால் மாற்று என்ன என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை. ஜும்ஆ மேடையில் கண்டனம் கேட்கிறோம், கணக்கு கேட்பதில்லை. அந்தக் கணக்கைப் படிப்படியாகப் பார்ப்பதற்கே இந்தக் கட்டுரை. இந்த வட்டாரத்தில் ஷாஃபி, ஹனஃபி என்ற இரு மத்ஹபினரும் (இஸ்லாமியச் சட்டப் பள்ளியினரும்) வாழ்கிறார்கள். இருவருக்கும் வேறுபாடு வரும் இடங்களை அங்கங்கே குறித்திருக்கிறேன். கடைசி முடிவை உங்கள் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டு எடுங்கள்.

முதல் படி: மூன்று கேள்விகளை மனத்தில் இருத்துங்கள்

“வியாபாரமும் வட்டியைப் போன்றதுதானே” என்ற எதிர்க்கேள்வி இன்று பிறந்ததல்ல. திருக்குர்ஆன் இரண்டாம் அத்தியாயம் 275ஆம் வசனமே அந்த வாதத்தை எடுத்துச் சொல்லிவிட்டு, அல்லாஹ் வியாபாரத்தை அனுமதித்து வட்டியைத் தடைசெய்திருக்கிறான் என்கிறது. இரண்டிலும் ஆதாயம் உண்டு. வேறுபாடு ஆபத்தை யார் சுமக்கிறார் என்பதில் இருக்கிறது. துணிக்கடைக்காரர் சரக்கு வாங்கி வைத்திருக்கும்போது தீப்பிடித்தால் நட்டம் அவருடையது, விலை விழுந்தாலும் அவருடையது. வட்டிக்குக் கொடுத்தவருக்கோ, வாங்கியவர் பிழைத்தாலும் மூழ்கினாலும் பணம் வளர்ந்துகொண்டே இருக்கும்.

ஆகவே எந்த ஏற்பாட்டிலும் மூன்றைக் கேளுங்கள். உண்மையான பொருளோ உழைப்போ பயன்பாடோ கைமாறுகிறதா? நட்டம் வந்தால் அது யார் தலையில் விழும்? விலை, அளவு, தவணை மூன்றும் இன்றே இருவருக்கும் தெளிவாகத் தெரியுமா? முதல் இரண்டு கேள்விகள் ரிபா எனும் வட்டியைப் பிடித்துவிடும். மூன்றாவது, கரர் எனும் மயக்கமான வணிகத்தையும் மைஸிர் எனும் சூதையும் பிடிக்கும். ஏட்டில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பது இந்தக் கேள்விகளுக்குப் பதிலாகாது.

இந்தச் சட்டம் ஏன் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறது என்று கேட்பவர்களுக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. 2017 அக்டோபரில் காசிதர்மத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம், கணவனும் மனைவியும் இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகளும், கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீயில் கருகிப்போனது. தமிழ்நாட்டில் அதீத வட்டி வசூலிப்பதைத் தடைசெய்யும் சட்டம் 2003ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. கடன் வாங்கியவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள் என்று அதே அத்தியாயத்தின் 280ஆம் வசனம் சொல்கிறது. அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்காதது அந்த அவகாசம்தான்.

இரண்டாம் படி: எல்லாவற்றையும் எழுதுங்கள்

குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. கடனை எழுதிவைப்பது பற்றியது. 2:282. தவணைக் கடன் என்றால் எழுதுங்கள், எழுதுபவர் நேர்மையாக எழுதட்டும், கடன்பட்டவர் வாசகத்தைச் சொல்லட்டும், சாட்சி வையுங்கள், சிறியதோ பெரியதோ சோம்பாதீர்கள் என்று விரிவாகச் சொல்கிறது. நம்மிடையே இதற்கு நேர்மாறான வழக்கம். மச்சானிடம் கையெழுத்துக் கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். பிறகு பத்து வருடம் பேச்சு வார்த்தை இல்லாமல் கிடப்பார்கள்.

ஒரு நோட்டில் குடும்பத்தின் வரவேண்டியது, தரவேண்டியது எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகளுக்கான பதிலையும் எழுதுங்கள். எதை முதலில் முடிக்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும். கந்துவட்டியும் வாரத் தவணைக் கடனும் பெரும்பாலும் தலைப்பில் வந்து நிற்கும்.

மூன்றாம் படி: ஒத்தி வீடு

நம் பகுதிக்கு இது மிக முக்கியமான இடம், அதனால் சற்று நின்று பார்ப்போம்.

மாதம் 6,000 ரூபாய் வாடகை போகக்கூடிய ஒரு வீடு. குடிவருபவர் 5 லட்சம் ரூபாய் கொடுக்கிறார், மூன்று வருடம் வாடகையில்லாமல் இருக்கிறார், காலி செய்யும்போது 5 லட்சத்தையும் முழுதாகத் திரும்பப் பெறுகிறார். வட்டி வாங்கவில்லையே என்று மனம் நிம்மதியடைகிறது. ஆனால் கொடுத்த பணம் குறையாமல் திரும்புகிறது என்றால் அது கடன். அந்தக் கடனால் கிடைத்தது 36 மாத வாடகை, அதாவது 2,16,000 ரூபாய் பெறுமானம். வீட்டு விலை சரிந்தாலும் அவருக்கு நட்டமில்லை. கடனால் கடன் கொடுத்தவருக்கு நிபந்தனையாகக் கிடைக்கும் ஆதாயம் வட்டியே என்பது நான்கு மத்ஹபுகளின் அறிஞர்களும் ஏற்ற விதி. புகாரா பகுதியின் ஹனஃபி அறிஞர்கள் சிலர், திருப்பி வாங்கும் நிபந்தனையோடு விற்பது என்ற வடிவில் இதைத் தேவை கருதி அனுமதித்ததுண்டு. ஜித்தாவில் இயங்கும் சர்வதேச ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்ட) அகாடமி அதை ஆராய்ந்து, ஆதாயம் தரும் கடனே அது என்று மறுத்துவிட்டது.

மாற்று என்ன? மூன்று வழிகள் உண்டு. 

எளியது, வாடகையை முன்கூட்டியே கட்டுவது. மூன்று வருட வாடகையை மொத்தமாகத் தருவதாக இருந்தால் மாதம் 5,500 என்று பேசி 1,98,000 ரூபாயை இன்றே கொடுக்கலாம். அது வாடகை, திரும்ப வராது. வீட்டுக்காரருக்கும் கையில் பணம் கிடைக்கிறது, குடியிருப்பவருக்கும் சலுகை கிடைக்கிறது. இடையில் காலி செய்தால் மிச்ச மாதங்களுக்கான வாடகையை எப்படித் திருப்புவது என்பதையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். 

இரண்டாவது, சந்தை வாடகையும் வழக்கமான சிறு அட்வான்ஸும். அட்வான்ஸ் சேதத்துக்கும் பாக்கிக்கும் பிணையாக நிற்கிறது. அதைக் காட்டி வாடகையைக் குறைக்கத் தொடங்கினால் மறுபடியும் ஒத்திக்குள் நுழைந்துவிடுவோம்.

மூன்றாவது, பெருந்தொகை தேவைப்படும் வீட்டுக்காரருக்கு ஏற்றது: பங்கு விற்பது. வீட்டின் மதிப்பு 25 லட்சம் என்றால் 5 லட்சம் கொடுப்பவர் ஐந்தில் ஒரு பங்குக்கு உரிமையாளர் ஆகிறார். மீதி நான்கு பங்குக்கு மட்டும் மாதம் 4,800 ரூபாய் வாடகை தருகிறார். பிறகு வீட்டுக்காரர் அந்தப் பங்கை அன்றைய விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். விலை ஏறினாலும் இறங்கினாலும் இருவரும் சேர்ந்தே சுமக்கிறார்கள். இதையே தலைகீழாக வைத்து, வங்கியும் வாங்குபவரும் சேர்ந்து வீடு வாங்கி, வங்கியின் பங்கை ஆண்டுக்காண்டு குறைத்துக்கொண்டே வருவதைத்தான் குறைந்துவரும் முஷாரகா என்று இன்று லண்டன் வரை நடத்துகிறார்கள். இப்படிப் பங்கு விற்று வாங்குவதில் ஒரு சிக்கல், பத்திரம் இருமுறை மாறுவதால் முத்திரைத் தீர்வையும் இருமுறை வரும். பிரிட்டன் 2003ஆம் ஆண்டிலேயே தன் நிதிச் சட்டத்தில் இந்த இரட்டைத் தீர்வையை நீக்கிவிட்டது. இங்கே அப்படி இல்லை. செலவைக் கணக்கிட்டுப் பார்த்து, கட்டுப்படியானால் செய்யுங்கள். இல்லையென்றால் முதல் வழியே போதும்.

நான்காம் படி: நகை

அடமானம் வைப்பதில் தவறில்லை. நபி (ஸல்) அவர்கள் இறக்கும்போது அவர்களுடைய கவச உடை மதீனாவில் ஒரு யூதரிடம் வாற்கோதுமைக்காக அடகில் இருந்தது என்பது புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் வரும் செய்தி. பிணை ஹலால், அதன்மேல் ஏறும் வட்டி ஹராம். ஆகவே ஜமாஅத்தை ஒட்டி நடக்கும் பைத்துல்மாலில் (பொதுநிதியில்) நகையை வைத்து வட்டியில்லாக் கடன் பெற முடியுமா என்று முதலில் கேளுங்கள். நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: சேவைக் கட்டணம் வாங்கினால் அது உண்மையான செலவுக்கு மட்டும் இருக்கட்டும். ஆயிரத்துக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று தொகையோடும் காலத்தோடும் கூடிக்கொண்டே போனால் அது வட்டியின் வேலையைத்தான் செய்கிறது.

பழைய நகையைப் புதிய நகைக்கு மாற்றுவதிலும் கவனம் வேண்டும். தங்கத்துக்குத் தங்கம் என்றால் எடைக்கு எடை சமமாக, கைக்குக் கை நடக்க வேண்டும் என்பது ஹதீஸ், அதாவது நபிமொழி. வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சம்பழம், உப்பு ஆகியவையும் அதே பட்டியலில் உண்டு. கைபரிலிருந்து வந்த நல்ல பேரீச்சம்பழத்தை, மட்டமான இரண்டு மடங்கு பழம் கொடுத்து வாங்கியதாகச் சொன்னவரிடம், மட்டமானதைக் காசுக்கு விற்று அந்தக் காசில் நல்லதை வாங்கும்படி நபியவர்கள் சொன்னார்கள். நகைக்கடையிலும் அதுவே வழி. பழையதை விற்று ரொக்கத்தைக் கையில் வாங்குங்கள். பிறகு புதியதை வாங்குங்கள். இரண்டு பில், ஐந்து நிமிட வேலை.

மாதம் ஒரு தொகை கட்டி ஆண்டு முடிவில் நகை எடுக்கும் நகைச் சீட்டில், கட்டும் பணம் கடைக்காரரிடம் கடனாக நிற்கிறது. இறுதி நாள் விலைக்கு நகை எடுத்தால் சரி. ஒரு மாதத் தவணையைக் கடையே போடும், செய்கூலி கிடையாது என்ற சலுகைகள் அந்தக் கடனுக்காகக் கிடைக்கும் ஆதாயம் என்பதால் பல உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) தடுக்கிறார்கள். நானும் அந்தப் பக்கமே.

ஐந்தாம் படி: சீட்டு

ஏலச் சீட்டில் அவசரக்காரர் தள்ளுபடி கொடுத்து முதலில் எடுக்கிறார். அந்தத் தள்ளுபடியை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒருவருடைய நெருக்கடி மற்றவருக்கு லாபமாகிறது. 1982ஆம் ஆண்டு சிட்ஃபண்டு சட்டப்படி பதிவான சீட்டாக இருந்தாலும் ஷரீஅத்தின் கேள்வி மாறாது. 

குலுக்கல் சீட்டு வேறு. பத்துப் பெண்கள் மாதம் 2,000 போட்டு, மாதம் ஒருவர் 20,000 எடுத்தால் போட்டதும் எடுத்ததும் ஒன்றுதான். இது ஒருவருக்கொருவர் கொடுக்கும் அழகிய கடன், அதாவது வட்டியில்லாக் கடன். பெண்கள் இப்படிக் கூடிப் போடும் வழக்கத்தை ஷாஃபி அறிஞர் வலியுத்தீன் அல்-இராக்கி அனுமதித்ததாக ஷாஃபி நூலாசிரியர் கல்யூபி பதிவுசெய்திருக்கிறார். குழுக் கடனுக்கு மாற்றாகத் தெருவுக்கு ஒரு குலுக்கல் சீட்டு நடத்தச் சொல்வேன். யாருக்கு மருத்துவச் செலவு வந்திருக்கிறதோ அவருக்குக் குலுக்காமலே முதல் முறையைக் கொடுத்துவிடலாம்.

ஆறாம் படி: கூட்டு வியாபாரம்

இஸ்லாமியப் பொருளாதாரச் சட்டத்தின் நெஞ்சுப்பகுதி இதுதான் என்பது என் கருத்து. தடைகளை மட்டும் பேசிப் பேசி இதை மறந்துவிட்டோம். 

ஒருவர் முதல் போட, மற்றவர் உழைப்பது முளாரபா. வணிகரான கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை நபியவர்கள் சிரியாவுக்குக் கொண்டுசென்றது நமக்குத் தெரிந்த கதை. லாபத்தை விகிதமாகப் பேச வேண்டும். மாதம் இவ்வளவு ரூபாய் என்று பேசக் கூடாது. நட்டம் வந்தால் முதலுக்கு வந்த நட்டம் முதல் போட்டவருக்கு, வீணான உழைப்பு உழைத்தவருக்கு. உழைத்தவர் அலட்சியமாகவோ ஒப்பந்தத்தை மீறியோ நடந்திருந்தால் மட்டுமே அவர் முதலுக்குப் பொறுப்பு.

இருவரும் முதல் போட்டால் முஷாரகா. தென்காசியில் ஒரு உணவகத்துக்கு ஒருவர் 6 லட்சமும் மற்றவர் 4 லட்சமும் போடுகிறார்கள், கடையை நடத்துவது இரண்டாமவர் என்று வைத்துக்கொள்வோம். 2 லட்சம் நட்டம் வந்தால் 1,20,000 முதலாமவருக்கு, 80,000 இரண்டாமவருக்கு. நட்டம் முதல் விகிதப்படிதான், அதில் பேரம் கிடையாது. லாபத்தில் உழைப்பவருக்குக் கூடுதல் பங்கு பேசலாம் என்பது ஹனஃபி வழி. ஷாஃபி மத்ஹபில் லாபமும் முதல் விகிதப்படியே செல்லும் என்பதால், உழைப்புக்கான பலனை எப்படி அமைப்பது என்று ஆலிமிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நாட்டுச் சட்டத்தையும் இதோடு பொருத்த வேண்டும். 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபமும் நட்டமும் சமபங்கு என்கிறது. முதலுக்கு மேல் ஒரு கூட்டாளி பணம் கொடுத்திருந்தால் ஆண்டுக்கு 6 சதவீத வட்டி உண்டு என்றும் சொல்கிறது. இரண்டையும் ஒப்பந்தத்தில் மாற்றி எழுதலாம், எழுத வேண்டும். நட்டம் முதல் விகிதப்படி, எந்தத் தொகைக்கும் வட்டி இல்லை என்று பத்திரத்தில் தெளிவாக இருக்கட்டும். நிறுவனத்தைப் பதிவும் செய்துவிடுங்கள். பதிவாகாத கூட்டு நிறுவனம் ஒப்பந்த உரிமைக்காக வழக்குப் போட முடியாதபடி 69ஆம் பிரிவு தடுக்கிறது.

ஒரு கடுமையான எச்சரிக்கை. “ஹலால் முதலீடு, லட்சத்துக்கு மாதம் மூவாயிரம் லாபம்” என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். நிலையாக வருவது லாபமல்ல. பெங்களூரில் ஐஎம்ஏ என்ற நிறுவனம் இப்படி ஹலால் பெயரைச் சொல்லி ஆயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்களின் பணத்தைத் திரட்டி 2019இல் கவிழ்ந்தது. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம், ஹஜ்ஜுக்குச் சேர்த்த பணம் எல்லாம் போயின. அனுமதியின்றிப் பொதுமக்களிடம் வைப்புத்தொகை திரட்டுவதை 2019ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடைசெய்கிறது. பணத்தைத் திருப்பித் தராத நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுக்கத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தைக் காட்ட மறுப்பவர், தாடி எவ்வளவு நீளமாக இருந்தாலும், கூட்டாளி அல்ல.

ஏழாம் படி: முன்பணமும் தவணையும்

பிசானப் பருவ நெல்லுக்கு விவசாயிக்குப் பணம் வேண்டும். வட்டிக்கு வாங்குவதற்குப் பதில் அரிசி ஆலைக்காரர் நெல்லின் விலையை இன்றே முழுதாகக் கொடுத்துவிடலாம். இது ஸலம். இன்ன ரகம், உதாரணமாக அம்பை 16, இத்தனை கோட்டை அல்லது இத்தனை குவிண்டால், இன்ன தேதி, இன்ன இடத்தில் ஒப்படைப்பு என்று எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். விலையில் பாதியை மட்டும் கொடுத்தால் செல்லாது. இந்த வயலில் விளைவது என்று ஒரு வயலைக் கட்டிப்போடவும் கூடாது, அந்த வயல் பொய்த்தால் ஒப்பந்தமே மயக்கமாகிவிடும். மதீனா மக்கள் பேரீச்சைக்கு ஓரிரு ஆண்டு முன்பே பணம் கொடுத்து வந்ததைக் கண்ட நபியவர்கள், அளவும் எடையும் தவணையும் அறியப்பட்டதாக இருக்கட்டும் என்று ஒழுங்குபடுத்திய முறை இது.

பத்தமடையில் மணமக்கள் பெயர் நெய்த பாய்க்கு ஆர்டர் கொடுப்பது இஸ்திஸ்னா. ஹனஃபிகளிடம் இது தனி ஒப்பந்தம், பணத்தைத் தவணையாகவும் தரலாம். ஷாஃபிகளிடம் ஸலத்தின் நிபந்தனைகளோடுதான் செல்லும்.

தவணைக்குப் பொருள் விற்பவர் ரொக்க விலையைவிடக் கூடுதலாக வைக்கலாம். 90,000 ரூபாய் வண்டியை ஒரு வருடத் தவணைக்கு 1,00,000 என்று ஒரே விலையாக முடித்துவிட்டால் அது வியாபாரம். வாங்கிய விலையையும் லாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லி விற்றால் முராபஹா. ஆனால் விற்பவர் முதலில் பொருளைத் தன் உடைமையாக்கியிருக்க வேண்டும். தவணை தாமதமானால் விலை ஏறக் கூடாது.

எட்டாம் படி: வங்கி, வளைகுடா, பங்குச் சந்தை

நவீன இஸ்லாமிய வங்கியின் முதல் முயற்சி 1963இல் எகிப்தின் மித் கம்ர் என்ற சிற்றூரில் விவசாயிகளின் சேமிப்பைக் கொண்டு தொடங்கியது. 1975இல் துபாய் இஸ்லாமிய வங்கி வந்தது. இந்தியாவில் இன்றுவரை இல்லை. 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு வங்கி சரக்கு வாங்கி விற்பதைத் தடுக்கிறது, முராபஹாவுக்கு வழியே இல்லை. ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008இல் வட்டியில்லா நிதிச் சேவையைப் பரிந்துரைத்தது. ரிசர்வ் வங்கியோ 2017இல் அதை மேற்கொண்டு தொடரப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. ஆகவே நடப்புக் கணக்கு கட்டுப்படியானால் அதை வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்புக் கணக்கில் விழும் வட்டியைத் தனியே கணக்கிட்டு, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். அதை ஜகாத்தில் (கட்டாயத் தர்மத்தில்) கழிக்கக் கூடாது.

வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகள் அங்குள்ள இஸ்லாமிய வங்கிகளில் கடன் எடுக்கும்போது, வங்கி உலோகத்தைப் பிள்ளைகள் பெயரில் வாங்கி உடனே விற்றதாகக் காகிதத்தில் காட்டி ரொக்கம் கொடுக்கும். தவர்ருக் எனப்படும் இந்த ஏற்பாட்டை, வங்கியே முன்னின்று நடத்தும் வடிவில், சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 2009இல் ஏற்க மறுத்தது. பெயர்ப் பலகையைப் பார்த்து மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பங்கு வாங்குவது கூட்டாவதுதான். மது, வட்டித் தொழில், சூது செய்யும் நிறுவனங்களை விலக்கியபின், பஹ்ரைனில் இயங்கும் இஸ்லாமிய நிதித் தரநிலை அமைப்பின் அளவுகோலைப் பாருங்கள்: வட்டிக் கடன் சந்தை மதிப்பில் 30 சதவீதத்துக்குள், கூடாத வருமானம் 5 சதவீதத்துக்குள். அந்த வருமானத்தின் பங்கைக் கணக்கிட்டுத் தானம் செய்துவிட வேண்டும். தேசியப் பங்குச் சந்தையில் நிஃப்டி 50 ஷரீஆ குறியீடு இருக்கிறது, பட்டியலுக்கு அது உதவும். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் போகவே வேண்டாம்.

காப்பீட்டிலும் கரர் இருக்கிறதே என்று தயங்கலாம். ஆனால் வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு சட்டக் கட்டாயம், எடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஒன்பதாம் படி: ஜகாத், கடனாளிக்கும் அதில் உரிமை

தங்கத்துக்கு 85 கிராம், வெள்ளிக்கு 595 கிராம் என்பது பரவலான நிஸாப் (ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச) அளவு. ஹனஃபி உலமாக்கள் நம் நாட்டில் 87.48 கிராம், 612.36 கிராம் என்று எடுக்கிறார்கள். ஓராண்டு நிறைந்தால் இரண்டரை சதவீதம். பெண்கள் வழக்கமாக அணியும் நகைக்கு ஷாஃபி மத்ஹபில் ஜகாத் இல்லை, ஹனஃபியில் உண்டு. நெல்லுக்கு அறுவடையன்றே: மழையோ ஆறோ தானாகப் பாய்ந்தால் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒன்று. தாமிரபரணிக் கால்வாய் வயலுக்கும் மோட்டார் கிணற்று வயலுக்கும் கணக்கு வேறு.

ஜகாத் பெறத் தகுந்த எட்டு வகையினரில் கடனாளிகள் ஒரு வகை (9:60). ஊரில் பத்துப் பேருக்குச் சேலை கொடுப்பதைவிட, பீடி சுற்றும் ஒரு பெண்ணை வட்டிக்காரரிடமிருந்து முழுதாக மீட்பதற்கு ஜகாத்தைத் திரட்டுங்கள். ஜமாஅத்தில் இருவர் அவருடைய கடன் நோட்டை வாங்கிப் பார்த்து, அசல் எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு என்று எழுதட்டும். கொடுத்தவரோடு பேசட்டும். அதீத வட்டியானால் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் புகார் எழுதித் தரட்டும். ஹனஃபி முறையில் பணம் கடனாளியின் உடைமையாக வேண்டும் என்பதால், அவர் கையிலேயே கொடுத்து, அவரோடு இருவர் கூடப் போய்க் கடனை அடைத்து, எழுதி வாங்கிய வெற்றுப் பத்திரத்தையும் காசோலையையும் அங்கேயே திரும்பப் பெற்றுக்கொண்டு வாருங்கள்.